நிரல் வராதவர் என்று எவரும் உண்டா?

அ என்ற இடத்தில் 10 இருக்கிறது. ஆ என்ற இடத்தில் 20 இருக்கிறது. அடுத்த வரியில் ‘அ = ஆ’ என்று எழுதியிருக்கிறது. இப்போது அ-வில் எவ்வளவு, ஆ-வில் எவ்வளவு?

கணினி வகுப்பின் வாசலையே மிதிக்காதவர்களிடம் இதைக் கேட்டால் பதில்கள் விதவிதமாக வரும். பள்ளிக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர், பத்தும் இருபதும் எப்படிச் சமமாகும், கேள்வியே தப்பு என்பார். இரண்டும் இடம் மாறிக்கொண்டன என்பார் இன்னொருவர். ஒருவர் இரண்டையும் கூட்டி 30 என்பார். ஆ-வில் இருந்தது அ-வுக்குப் போய்விட்டதால் ஆ காலி என்பதும் ஒரு பதில். பெரும்பாலான நிரல்மொழிகளில் சரியான விடை, இரண்டிலும் 20. வலப்பக்கத்து மதிப்பின் நகல் இடப்பக்கம் போய் உட்காரும். அங்கே முன்பு இருந்த 10 அழிந்துபோகும். சொல்லித் தந்தால் அரை நிமிட விஷயம். சொல்லித் தராவிட்டால் மேலே சொன்ன பதில்களில் ஒன்றுகூட முட்டாள்தனமானதல்ல.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் சயீத் தெஹ்நாதியும் ரிச்சர்ட் போர்னட்டும் இப்படிப்பட்ட கேள்விகளை, நிரலாக்கம் படிக்க வந்த மாணவர்களிடம் பாடம் தொடங்கும் முன்பே கொடுத்துப் பார்த்தார்கள். சரியோ தவறோ, எல்லாக் கேள்விக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னவர்கள் பின்னால் தேறினார்கள். கேள்விக்குக் கேள்வி விதியை மாற்றியவர்கள் தேறவில்லை என்றார்கள். 2006-இல் அவர்கள் சுற்றுக்கு விட்ட கட்டுரை, கணினி மாணவர் கூட்டத்தை இரட்டைத் திமில் ஒட்டகம் என்றது. மதிப்பெண்ணை வரைபடமாகப் போட்டால் இரண்டு மேடுகள்: ஒன்று வருபவர்கள், மற்றது வராதவர்கள். நடுவில் பள்ளம். முதல் வாரத்திலேயே யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு உலகெங்கும் கணினித் துறைகளில் காட்டுத்தீயாகப் பரவியது. பேராசிரியர்கள் பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். பாதி வகுப்பு தோற்றால் அது பாடம் நடத்தியவரின் குறையில்லையே!

எட்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், போர்னட் அந்தக் கட்டுரையை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார். திறமையை முன்கூட்டியே அளக்கும் தேர்வு எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். கல்வி உலகில் அபூர்வமான காரியம் இது. 2016-இல் டொரொன்டோவின் எலிசபெத் பட்டிசாஸும் குழுவினரும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக் கணினிப் பாடங்களின் 778 மதிப்பெண் பட்டியல்களைப் புள்ளியியல் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மேடு இருக்கலாம் என்று சொல்லத்தக்கவை வெறும் 5.8 விழுக்காடு. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தெளிவில்லாத வரைபடங்களைக் கணினி ஆசிரியர்களிடம் காட்டி இதில் இரண்டு மேடு தெரிகிறதா என்று கேட்டார்கள். திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பிய ஆசிரியர்களின் கண்ணுக்கு இரண்டு மேடு கூடுதலாகத் தெரிந்தது.

ஒட்டகம் போய்விட்டது. ஆனால் ‘உனக்கெல்லாம் கோடிங் வராதுப்பா’ என்ற வாக்கியம் போகவில்லை.

ஏழரை மணிப் பேருந்து

அந்த வாக்கியம் காதில் விழும் ஊர்களில் ஒன்று செஞ்சி. அதற்கு 2025 ஜூலையில் ஒரு மகுடம் கிடைத்தது. மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது செஞ்சி. கோட்டையின் ராஜகிரி மலை ஏற வருகிறவர்களின் எண்ணிக்கையைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். காலையில் ஊரைவிட்டு வெளியே போகிறவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

ரயில் இல்லாத ஊர் இது. திண்டிவனம் - திருவண்ணாமலைப் பாதை வரும் வரும் என்று ஒரு தலைமுறையே காத்துக் கிடக்கிறது. ஆகவே வல்லம், அனந்தபுரம், மேல்மலையனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் பேருந்துதான். ஏழரை மணிக்குச் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நின்றால் கழுத்தில் அடையாள அட்டையோடு மூன்று திசைக்கும் பிரிகிறவர்களைப் பார்க்கலாம். கிழக்கே திண்டிவனம்: அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும், திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் அங்கே. தெற்கே விழுப்புரம், மேற்கே திருவண்ணாமலை. எல்லாத் திசையிலும் தனியார் கல்லூரிப் பேருந்துகள். எந்தக் கல்லூரியிலும் முதலில் நிரம்புவது கணினிப் பிரிவு. நெல்லையும் மணிலாக் கொட்டையையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போட்டுக் கட்டிய ஃபீஸ், ஐ.டி. வேலை என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

இவர்களில் பலர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். 2021 முதல் பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கூடுதலாக உள்ளே வருகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் 2018-க்குப் பிறகு மாறியது. தமிழ் வழிப் புத்தகத்தில் மாறி, மடக்கு, செயற்கூறு என்று படித்தவர்களும் உண்டு. ஆனால் அது கணினி அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்குத்தான். உயிரியல், வணிகவியல் எடுத்துவிட்டுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.-வோ சேருகிறவருக்கு, முதல் நாள் திரையில் தெரிவதுதான் முதல் நிரல்.

இந்த மாணவர்கள் முதல் பருவத்தில் அரியர் வைக்கும்போது சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: கணக்கு வீக், ஆங்கிலம் வீக், கிராமத்துப் பையன். உலகம் முழுக்க என்ன நிலைமை என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. டென்மார்க்கின் பென்னட்சனும் காஸ்பர்சனும் 2007-இல் பல நாட்டுக் கல்லூரிகளிடம் கேட்டுத் திரட்டிய கணக்கில், முதல் நிரலாக்கப் பாடத்தில் மூன்றில் ஒருவர் தேறவில்லை. 2019-இல் அவர்களே திரும்ப எடுத்த கணக்கில் அது 28 விழுக்காடு. செஞ்சிக்காரருக்கு மட்டும் வராத வித்தை அல்ல இது.

மயிலத்தில் பெய்த மழை

2024 டிசம்பர் முதல் தேதி காலை எட்டரை மணிக்கு எடுத்த அளவுப்படி, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாள் அது. மழைமானிக்காரர் நாள்தோறும் ஓர் எண்ணைக் குறிக்கிறார். மாதக் கடைசியில் சராசரி வேண்டும். இதை நிரலாக எழுத முடியுமா?

கணினிக் கல்வி ஆராய்ச்சியில் நாற்பது ஆண்டாக உருளும் கணக்கு இதுதான். யேல் பல்கலைக்கழகத்தின் எலியட் சோலோவே, ஜெஃப்ரி போனார், கேட் எர்லிச் மூவரும் 1983-இல் இதன் எளிய வடிவத்தை மாணவர்களிடம் கொடுத்தார்கள்: எண்களை ஒவ்வொன்றாகப் படி, 99999 வந்தால் நிறுத்து, அதைச் சேர்க்காமல் மற்றவற்றின் சராசரியைச் சொல். பின்னாளில் சோலோவே இதற்கு மழைச் சட்டை மாட்டிவிட, ‘மழைக் கணக்கு’ என்றே பெயர் நிலைத்தது. அன்று பாஸ்கல் மொழியில் இதைச் சரியாக எழுதிய புதுமுக மாணவர்கள் நூற்றுக்கு 14 பேர். யேல் மாணவர்கள்!

அந்த ஆய்வின் அழகு அடுத்த படியில் இருக்கிறது. மனிதர்கள் இந்த வேலையை மனசில் எப்படிச் செய்கிறார்கள்? ஓர் எண்ணை எடு, 99999-ஆ என்று பார், ஆமெனில் வெளியே வா, இல்லையெனில் கூட்டு, மறுபடி எடு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யப் பாஸ்கலில் உள்ள மடக்கு இதை அனுமதிக்காது. வெளியேறுவதா என்ற கேள்வியை அது வாசலிலேயே கேட்கும். ஆகவே முதல் எண்ணை மடக்குக்கு வெளியே எடுத்துவைத்து, உள்ளே போனதும் அதைக் கூட்டி, கடைசியில் அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். எடு-கூட்டு என்ற இயல்பான வரிசை கூட்டு-எடு என்று தலைகீழாகிறது. ஆராய்ச்சியாளர்கள் மடக்கின் நடுவிலிருந்தே வெளியேற வழிவிடும் ஒரு மாற்றப்பட்ட பாஸ்கலை இன்னொரு குழுவுக்குத் தந்தார்கள். மாற்றம் அந்த ஒன்றுதான். புதுமுகங்களில் 14 விழுக்காடு 24 ஆனது. இடைநிலை மாணவர்களில் 36 என்பது 61. தேர்ந்தவர்களில் 69 என்பது 96.

பிறவித் திறமைக் கட்சிக்கு இதைவிட நேரடியான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே தரத்து மாணவர்கள், ஒரே கணக்கு. கருவியின் ஓர் உறுப்பை மனித நினைப்புக்கு ஒத்துவரும்படி மாற்றினால் தோற்றவர்களில் ஒரு பகுதி ஜெயிக்கிறார்கள். தோல்வியின் ஒரு பங்கு கருவியில் இருந்தது, மண்டையில் இல்லை.

‘வெற்றிகரமாக இயக்கப்பட்டது’

2001-இல் ஜார்ஜியா டெக்கின் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, முதல் நிரலாக்கப் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரியான பயிற்சியைத் தந்தன: சின்னக் கணிப்பான் ஒன்றை நிரலாக எழுத வேண்டும். மொத்த மதிப்பெண் 110. சராசரி 22.89. பாடத்தில் தேறியவர்களுக்கே நிரல் எழுத வரவில்லை என்பது பேராசிரியர்களை உலுக்கியது. சிக்கலைப் பகுத்துத் தீர்க்கும் ஆற்றல் போதவில்லை என்று முதலில் நினைத்தார்கள்.

சிட்னியின் ரேமண்ட் லிஸ்டருக்குச் சந்தேகம். 2004-இல் அவரது குழு ஏழு நாட்டு மாணவர்களிடம் எழுதச் சொல்லவே இல்லை. சின்ன நிரல் துண்டுகளைக் கொடுத்து, இதை ஓட்டினால் கடைசியில் என்ன விடை வரும் என்பது போலக் கேட்டது. காகிதத்தில் வரி வரியாக ஓட்டிப் பார்த்தால் போதும். கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதிலும் பலர் தடுமாறினார்கள். எழுத வராதது இருக்கட்டும், இருப்பதை வாசிக்கவே வரவில்லை. அடுத்த பல ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தொடர்ந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டின: ஒரு நிரலைக் கையால் ஓட்டிப் பார்க்கத் தெரியாதவர் அதை விளக்குவதும், அதுபோல் ஒன்றை எழுதுவதும் அரிது. நாமோ வாசிக்கக் கற்றுத் தராமல் முதல் வாரமே கட்டுரை எழுதச் சொல்கிறோம்.

நம் ஊர்ப் பரீட்சைக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் பருவத்தில் எல்லாப் பொறியியல் மாணவர்களுக்கும் பைத்தான் நிரலாக்கம் இருந்தது. வினாத்தாள் வழக்கமானது: பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து பதின்மூன்று, ஒரு பதினைந்து. பதின்மூன்று மதிப்பெண்ணில் என்னென்ன நிரல் வரும் என்று ஜெராக்ஸ் கடைக் குவெஸ்டின் பேங்கிலேயே தெரியும். பகா எண், ஃபிபனாச்சி, ஈருறுப்புத் தேடல். உருப்போட்டு எழுதினால் மதிப்பெண் விழும். உருப்போட்டதில் ஒரு வரி இடம் மாறினால் என்ன ஆகும் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அல்லது எப்போதாவது இரண்டு மதிப்பெண்ணில் கேட்டுவிட்டுப் போகும்.

லேப் இன்னும் சுவாரஸ்யம். ரெகார்டு நோட்டில் நோக்கம், அல்காரிதம், ப்ரோகிராம், அவுட்புட், கடைசியில் ‘இவ்வாறு நிரல் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது’ என்ற தீர்ப்பு. இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து சீனியர் நோட்டைப் பார்த்து இதை எழுதியவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். நிரலை ஓட்டும் முன்பே அது வெற்றி பெற்றுவிடுகிறது. பிழை வந்தது, இந்த வரியில் வந்தது, இப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுத அந்த நோட்டில் இடமே கிடையாது. கற்றது எதுவோ அது அங்கேதான் நடந்திருக்கும்.

இதில் ஒரு முரண் உண்டு. துளையட்டைக் காலத்தில் இந்த வாசிப்புப் பயிற்சி தானாகக் கிடைத்தது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது, ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் போன்றவர்கள் அங்கே நிரலாக்கத்தைக் கற்பித்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370 வந்தது. அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் விடைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் ஒருநாள் வீண். ஆகவே கொடுக்கும் முன் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் நொடியில் பதில். மாணவர் நிரலை வாசிப்பதில்லை. அழுத்துகிறார், சிவப்பு வருகிறது, எதையோ மாற்றுகிறார், மறுபடி அழுத்துகிறார். அந்தக் கஷ்டகாலம் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அதில் ஒளிந்திருந்த பயிற்சியை மட்டும் பிரித்தெடுத்துப் பாடத்திட்டத்தில் வைக்க முடியும்.

வைத்தும் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006-இல் ஒரு புதிர் வடிவத்தை உருவாக்கினார்கள். சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, வரிசைப்படுத்து என்பது. 2017-இல் பார்பரா எரிக்சனும் கூட்டாளிகளும் ஒப்பிட்டபோது, நிரலை முழுக்க எழுதிப் பழகுவதைவிடக் குறைந்த நேரத்தில் மாணவர்கள் இதை முடித்தார்கள், கற்றதில் குறைவில்லை. இதற்குக் கணினிகூட வேண்டாம். வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கத்தரித்தால் போதும். லேபில் நான்கு பேருக்கு ஒரு கணினி என்ற நிலைமை உள்ள கல்லூரிக்கு இது சலுகை விலையில் கிடைத்த ஆராய்ச்சி.

எந்த மொழியில் சந்தேகம் கேட்பது?

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நேரடியாகச் சொந்தமான ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அடல்பர்ட் ஜெரால்டு சூசை ராஜ், தமிழ்நாட்டு மாணவர்களை இரு குழுவாகக் கொண்டு, ஒரு குழுவுக்கு ஆங்கிலத்தில் மட்டும், மற்றதற்கு ஆங்கிலமும் தமிழும் கலந்து நிரலாக்கம் கற்பித்து ஒப்பிட்டார். தாய்மொழிக்கு நிரல் கற்பதில் பங்கு உண்டா என்ற அந்தக் கட்டுரை 2018-இல் அமெரிக்கக் கணினிக் கல்வி மாநாட்டில் வந்தது. 2019-இல் பின்லாந்தின் கோலி மாநாட்டில் தரவுக் கட்டமைப்புப் பாடத்தை வைத்து இன்னொன்று. அதில் அவர்கள் தேர்வு மதிப்பெண்ணோடு நிற்கவில்லை. மாணவர்கள் வகுப்பில் எவ்வளவு ஈடுபட்டார்கள் என்பதையும் தனியாக அளந்தார்கள்.

அந்த இரண்டாவது அளவுகோல்தான் நம் கதைக்குத் தேவை. தமிழ் வழியில் வந்த மாணவருக்கு ஆங்கிலப் பாடம் புரியாமலே போய்விடுவதில்லை. வாய்தான் அடைத்துக்கொள்கிறது. சந்தேகத்தை ஆங்கிலத்தில் கோத்துக்கொள்வதற்குள் ஆசிரியர் அடுத்த சிலைடுக்குப் போய்விடுவார். நிரலாக்கத்தில் கேட்கப்படாத ஒரு சந்தேகம் அப்படியே நிற்காது; அ = ஆ என்பதைச் சமன்பாடு என்று நினைத்துக்கொண்டவருக்கு அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் மர்மம்தான்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ் வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலையும் இயந்திரவியலையும் எடுத்துக்கொண்டது. கணினியைத் தொடவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: ஐ.டி. கம்பெனிக்கு ஆங்கிலம் வேண்டும், பெற்றோர் ஒப்ப மாட்டார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஃபீஸ் கட்டுகிறவர்களின் பயம் அது. ஆனால் தமிழா ஆங்கிலமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே பிசகு. மும்பை ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ‘ஸ்போக்கன் டுட்டோரியல்’ திட்டம் ஒரு நடுவழி கண்டது. திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் விழுவது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி. வேலைக்குத் தேவையான ஆங்கிலக் கலைச்சொல் கண்ணுக்குப் பழகும்; புரிதல் தாய்மொழியில் நடக்கும். அதே கல்லூரியில் யோகேந்திர பாலும் ஸ்ரீதர் ஐயரும் இந்தி வழி மாணவர்களை வைத்து வகுப்பறையிலும் காணொலியிலும் இந்த மொழிச் சிக்கலைத் தனித்தனியாக ஆராய்ந்தார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி இன்னும் ஒரு படி போய், கட்டளைச் சொற்களையே தமிழில் தந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல். கல்லூரிக்காரருக்கு நடுவழிதான் உடனே கைகொடுக்கும் என்பது என் கணிப்பு.

அரசாணை இல்லாமல் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரும் வழி ஒன்று உண்டு. அது மொழிக்காக உருவானதே அல்ல. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பரப்பிய முறை: விரிவுரையை நடுநடுவே நிறுத்தி, நான்கு விடை கொண்ட ஒரு கேள்வியைத் திரையில் போடுவது. மாணவர்கள் முதலில் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடியும் விடை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லியோ போர்ட்டர், சிந்தியா பெய்லி லீ, பெத் சைமன் மூவரும் நான்கு கணினிப் பாடங்களின் பழைய தேர்ச்சிக் கணக்கையும் இம்முறை வந்தபின் உள்ள கணக்கையும் 2013-இல் ஒப்பிட்டார்கள். தோல்வி விகிதம் சராசரியாக 20 விழுக்காட்டிலிருந்து 7-க்கு இறங்கியிருந்தது. (சூசை ராஜ் பின்னாளில் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்ததும் இதே சான் டியாகோவில்தான்.)

திண்டிவனத்து வகுப்பில் இதைச் செய்தால் என்ன நடக்கும்? கேள்வி ஆங்கிலத்தில் திரையில் இருக்கும். விரலால் ஒன்றோ நான்கோ காட்டலாம், மின்கருவி வேண்டாம். அடுத்த மூன்று நிமிடம் வகுப்பு முழுவதும், ‘டேய், அதுல இருந்தது அழிஞ்சிடுச்சுடா, நகல்தான் போவுது’ என்று தமிழில் இரைச்சலாகும். அந்த மூன்று நிமிடமும் பேசத் தயங்குகிறவர் யாரும் இருக்க மாட்டார், ஏனென்றால் கேட்பவர் பக்கத்து பெஞ்சுக்காரர். வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைப்பதே நல்லாசிரியர் இலக்கணம் என்று நினைக்கும் கல்லூரிகளில் இந்த இரைச்சலுக்கு அனுமதி கிடைப்பதுதான் கஷ்டம். சிலபஸ் முடியாது என்பார்கள். முடிப்பது யாருக்காக என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் கேள்வி ஆசிரியருக்குப் போகக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் பெரும் பாரத்தைச் சுமக்கும் கௌரவ விரிவுரையாளர்களிடம், தரமதிப்பீட்டு ஃபைலையும் நிரப்பு, புது முறையில் பாடமும் நடத்து என்று சொல்பவர், அந்த ஃபைலில் எதை நீக்குவது என்பதையும் சொல்ல வேண்டும்.

இயந்திரமே எழுதும்போது

2022-இல் ஆக்லாந்தின் பால் டென்னியும் கூட்டாளிகளும், செயற்கை நுண்ணறிவுக் கருவியான கோடெக்ஸை முதலாண்டு நிரலாக்கத் தேர்வு எழுத வைத்தார்கள். 71 மாணவர்களோடு வரிசைப்படுத்தினால் அதற்கு 17-ஆவது இடம். மழைக் கணக்கையும் அதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வந்த கருவிகள் இன்னும் கெட்டி. குவெஸ்டின் பேங்க் நிரல்கள் அத்தனையையும் செஞ்சிப் பேருந்தில் நின்றுகொண்டே போனில் வாங்கிவிடலாம். ரெகார்டு நோட்டுக்குச் சீனியரே தேவையில்லை.

எல்லோருக்கும் சம வாய்ப்பு வந்துவிட்டது என்று கொண்டாடத் தோன்றும். 2024-இல் ஜேம்ஸ் ப்ரேதரும் குழுவினரும் 21 புதுமுக மாணவர்கள் இந்தக் கருவிகளோடு நிரல் எழுதுவதைக் கண்ணசைவு உட்படப் பதிவுசெய்து பார்த்தார்கள். ஏற்கெனவே தெளிவாக இருந்தவர்கள் கருவியின் தவறான யோசனையைத் தள்ளிவிட்டு வேகமாக முன்னேறினார்கள். தடுமாறியவர்களும் ஒருவழியாக முடித்தார்கள். ஆனால் பழைய தடுமாற்றம் அப்படியே இருக்க, தங்களுக்குத் தெரியும் என்ற எண்ணம் மட்டும் கூடியிருந்தது. கருவி தருவது சரியா என்று சொல்ல வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லிஸ்டர் இருபது ஆண்டுகளுக்கு முன் தொட்ட அதே இடம்.

அப்படியானால் தேர்வில் எதைக் கேட்பது? நிரலைக் கொடுத்து, ‘இது என்ன செய்கிறது, சாதாரண ஆங்கிலத்தில் விளக்கு’ என்பது மேலை நாடுகளில் புழங்கும் ஒரு வினாவகை. நம் மாணவரிடம் அதைக் கேட்டால் நிரல் தெரியாததால் தோற்றாரா, ஆங்கிலத்தால் தோற்றாரா என்று பிரிக்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விராஜ் குமார் 2021-இல் அதற்கு ஒரு மாற்று சொன்னார்: மறுப்பு வினா. ஒரு நிரலும் அதைப் பற்றிய ஒரு பொய்யான கூற்றும் தரப்படும். கூற்று பொய் என்று காட்டும் ஓர் உள்ளீட்டைக் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண்.

விழுப்புரம் மாவட்டத்து வினாத்தாளில் அது இப்படி இருக்கலாம். மயிலத்து மழைமானி எண்களைப் படித்து, 99999 வரும்வரை கூட்டி, வந்த எண்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி சொல்லும் பத்து வரி நிரல். கீழே ஒரு வாக்கியம்: ‘இந்த நிரல் எந்த உள்ளீட்டுக்கும் பிழையின்றிச் சராசரியைத் தரும்.’ மறுக்க வேண்டும். உருப்போட்டவருக்கு இதில் பிடி கிடைக்காது, நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. விரல் வைத்து வரி வரியாக ஓட்டிப் பார்ப்பவர், எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதைக் கவனிப்பார். ஒரு நாள் மழைகூடப் பதிவாகாமல் மடக்கு முடிந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரும் என்று பிடிப்பார். விடைத்தாளில் அவர் எழுத வேண்டியது முதல் உள்ளீடே 99999 என்ற அந்த ஓர் எண். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை.